கூண்டு ஆட்டுக்கு: வேலூர் மலையோரத்துச் சிறுத்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒடுகத்தூர், ஆலங்காயம், குடியாத்தம் என்று பெரும்பாலும் மலையடிவாரத்து ஊர்களிலேயே காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் போன் நிற்கவில்லை. விடியற்காலையில் யாராவது கூப்பிட்டு, "சார், ஆட்டப் புலி தூக்கினு பூட்ச்சி" என்பார்கள். பத்து பேர் கேட்பது ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நம்ம பக்கம் நிஜமாகவே சிறுத்தை இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப் புரளியா?

இருக்கிறது. 2024 ஜூன் மாதம் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே, கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஒரு பள்ளி வளாகத்தில் சிறுத்தை புகுந்தது நினைவிருக்கும். ஒருவரைக் காயப்படுத்திவிட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் போய்ப் பதுங்கியது. மயக்க ஊசி போட்டுப் பிடிக்க இரவாகிவிட்டது. அதே வருஷம் டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் துருகம் கிராமத்தில் ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்தார். அந்தச் சாவை மறந்துவிட்டு, "சிறுத்தை பாவம்" என்று மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் புரளியும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சிறுத்தை, சிறுத்தைப்புலி, சிவிங்கி: எது எது?

உடம்பு முழுக்க ரோஜாப்பூ மாதிரி வட்டவட்டமான புள்ளிகள் இருந்தால் சிறுத்தை. சிறுத்தைப்புலி என்று பத்திரிகையில் எழுதுவதும் இதைத்தான். சிவிங்கி வேறு விலங்கு. அதற்குப் புள்ளிகள் தனித்தனியாக, மையைத் தெளித்த மாதிரி இருக்கும். கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு ஓடும். இந்தியாவில் அழிந்துபோன சிவிங்கியைத்தான் 2022-ல் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குக் கொண்டு வந்தார்கள். நம்ம ஊர்ப் பெரியவர்கள் சிறுத்தையையும் "புலி" என்றே சொல்வார்கள். அதனால் ஒருவர் "புலி வந்துச்சு" என்றால் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். கோடு இருந்ததா புள்ளி இருந்ததா என்று கேட்டால் போதும்.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் எப்படி அது அரிய விலங்கு?

நியாயமான கேள்வி. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், அதில் தமிழ்நாட்டில் 1,070. 2018-ல் தமிழ்நாட்டுக் கணக்கு 868. ஆக, எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சிறுத்தைகளில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில், முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் மாதிரி புலிகள் காப்பகங்களும் அதைச் சுற்றிய காடுகளும் உள்ள பக்கம் இருக்கின்றன. நாம் இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலை. இங்கே காடு துண்டு துண்டு. நடுவில் பாலாறு, சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்மேல் ஊர். முதுமலையில் ஒரு சிறுத்தை செத்தால் பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொன்று சுலபமாக வந்துவிடும். இங்கே அது நெடுஞ்சாலையைத் தாண்டி வர வேண்டும்.

சட்டத்தில் அதற்குப் புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே இடம்தான்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. கொன்றால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

நம்ம பக்கத்துச் சிறுத்தையின் வீடு எந்த மலை?

முதலில் ஜவ்வாது மலை. பழைய வட ஆற்காட்டில் முழுக்க ஒரே கலெக்டரின் கீழ் இருந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் பிரிந்தன. இப்போது ஒரே மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஆடு செத்த இடம் எந்த வனச்சரகம் என்று பார்ப்பதிலேயே சில சமயம் ஒரு காலைப் பொழுது போய்விடும்.

பக்கத்தில் ஏலகிரி. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகள். அவை ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயத்தோடு ஒட்டியவை. கவுண்டின்யாவை 1990-ல் அறிவித்தார்கள், சுமார் 358 சதுர கிலோமீட்டர். மோர்தானா அணைப் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு அந்த மலைவரிசை தெரிந்திருக்கும். யானை வந்து வாழையை மிதித்தது என்று செய்தி வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

இந்தக் காட்டை நீலகிரி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வறண்ட இலையுதிர் காடு. பங்குனி, சித்திரையில் போனால் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். உசில், வெக்காலி, நெல்லி, கடுக்காய், அங்கங்கே மூங்கில். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை. திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு இருப்பது அதனால்தான். திருட்டு வெட்டில் பெரிய சந்தன மரங்கள் போன கதையை ஜமுனாமரத்தூர்ப் பெரியவர்களைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். அடிவாரத்தில் காடு முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில் வேலிக்காத்தான் புதர். சிறுத்தைக்குப் பகலில் படுக்க அந்தப் புதரே போதும். அது உள்காட்டில் மட்டும் இருக்கும் என்று நாம் நினைப்பதுதான் முதல் தப்பு.

இருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவலூரில் வானாய்வு நிலையம் அமைத்ததற்கு ஜவ்வாது மலையின் இருட்டும் தெளிந்த வானமும் முக்கியக் காரணம். 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். தொலைநோக்கிக்கும் சிறுத்தைக்கும் ஒரே விஷயம் வேண்டியிருக்கிறது: ராத்திரியில் விளக்கு எரியாத மலை.

நான் பார்த்தது சிறுத்தைதானா? எப்படி உறுதி செய்வது?

ஓடும் விலங்கை விட்டுவிட்டு, நிற்கும் காலடியைப் பாருங்கள். ஈர மண்ணிலோ புழுதியிலோ தடம் இருந்தால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள். சிறுத்தையின் தடம் தீப்பெட்டியின் நீளத்தைத் தாண்டி நிற்கும், ஏழு எட்டு சென்டிமீட்டர் இருக்கும். காட்டுப்பூனையின் தடம் தீப்பெட்டி நீளத்துக்குள் அடங்கிவிடும். அடுத்தது நகம். நாய் நடந்தால் விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி தெரியும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் சாதாரணமாகப் புள்ளி விழாது. சேற்றில் வழுக்கினால் மட்டும் விழலாம்.

ஒருமுறை கரும்புக் கொல்லையில் சிறுத்தைக் குடும்பம் நடமாடுகிறது என்று ஊரே திரண்டு நின்றது. பஞ்சாயத்து டிராக்டரில் தீவட்டி எல்லாம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் புனுகுப்பூனை. சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் அடுத்த முறை நிஜமாக வந்தபோது அதே ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை.

காலையில் ஆடு செத்துக் கிடக்கிறது. சிறுத்தையா, தெருநாயா?

எனக்கு வந்த அழைப்புகளில் நாய்க்கடியே நிறைய. இதைச் சொன்னால் ஆடு பறிகொடுத்தவருக்குக் கோபம் வரும், ஏனென்றால் நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு வனத்துறை பணம் தராது. ஆனாலும் உண்மை அதுதான்.

நாய் கூட்டமாக வந்து பின்பக்கத்தைக் கடிக்கும். தொடை, மடி, வால் எல்லாம் கிழிந்து, கடிகள் எண்ண முடியாமல் இருக்கும். சில ஆடுகள் உயிரோடு நடுங்கிக்கொண்டே நிற்கும். சிறுத்தை தொண்டையைப் பிடிக்கும். கழுத்தின் அடியில் முடியை விலக்கினால் நாலு ஓட்டைகள் சுத்தமாகத் தெரியும். தோலை உரித்துப் பார்க்கும் மருத்துவர் அந்த ஓட்டைகளைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. செத்த ஆட்டை அப்புறம் எது கடித்திருந்தாலும் அப்படிக் கட்டாது.

இழுத்த தடம் இன்னொரு அடையாளம். தன் எடைக்குச் சமமான ஆட்டையும் அது தூக்கிக்கொண்டு வேலி தாண்டும். ஆண் சிறுத்தை 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். தடத்தைத் தொடர்ந்து போனால் புதரடியில் முடியைப் பிடுங்கிப் போட்டிருக்கும், இரைப்பையைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் நடக்க வேண்டாம், திரும்பிவிடுங்கள். மிச்சத்தைத் தின்ன அது பக்கத்திலேயே படுத்திருக்கலாம்.

ஒரு பட்டியில் ஒரே இரவில் ஏழெட்டு ஆடுகள் செத்து, ஒன்றைக்கூடத் தின்னாமல் போயிருந்தால் "இது சிறுத்தை இல்லை, பேய்" என்று ஒரு பேச்சு கிளம்பும். மூடிய இடத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆடுகள் அலறி ஓடினால், அசைவதை எல்லாம் கடிப்பது அந்த இனத்தின் பழக்கம். பேய்க்கு வேலை இல்லை.

காட்டில் இரை இல்லாமல்தானே ஊருக்குள் வருகிறது?

பாதி சரி. வெயில் காலத்தில் புள்ளிமானே தண்ணீர் தேடி ஊருக்கு வந்து நாய் வாயில் செத்துப்போவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். மானும் முயலும் காட்டுப்பன்றியும் குறைந்தால் சிறுத்தை கீழே இறங்கும்.

மீதிப் பாதி நம்ம பக்கம் இருக்கிறது. மகாராஷ்டிராவில் அகோலா அல்ல, அகோலே என்று ஒரு தாலுகா. கரும்புக் காடு, ஜனநெருக்கம், மான் மருந்துக்கும் கிடையாது. அங்கே சிறுத்தையின் எச்சத்தைப் பொறுக்கி ஆராய்ந்தார்கள். அது தின்ற இறைச்சி எடையில் 39 சதவீதம் நாய். ஆடு 11 சதவீதம் மட்டுமே. இத்தனைக்கும் அந்த ஊரில் ஆடு நாயைவிட ஏழு மடங்கு அதிகம். காரணம் எளிது: ஆட்டைப் பகலில் ஆள் மேய்க்கிறார், ராத்திரி பட்டியில் அடைக்கிறார். நாய்க்குக் கேட்பார் இல்லை.

இப்போது நம்ம ரோட்டைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பிரியாணிக்குப் பேர்போன பகுதி. எனக்கும் பிடிக்கும். ஆனால் கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டி ஏரிக்கரையிலும் காட்டோர ரோட்டிலும் வீசுகிறார்கள். அதைத் தேடி நாய் பெருகும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். கழிவு கொட்டிய இடத்துக்கும் ஆடு செத்த கொட்டாய்க்கும் நடுவில் அரை கிலோமீட்டர்கூட இல்லாத ஊர்களை நானே நடந்து பார்த்திருக்கிறேன்.

கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லி மனு கொடுத்தோம். ஏன் தயங்குகிறார்கள்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. கோபமாகவும் வரும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

புனே மாவட்டத்தில் ஜுன்னர் என்று ஓர் இடம். 2001 முதல் அங்கே கூண்டு வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்கு முன் அந்தப் பகுதியில் மனிதர்மேல் தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. பிடித்து விடத் தொடங்கிய பிறகு அது 17 ஆனது. கொண்டுபோய் விட்ட இடங்களின் பக்கத்திலும் தாக்குதல் தொடங்கியது. இது 2011-ல் வெளிவந்த ஆய்வு. அதே வருஷம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் வழிகாட்டுதல் கொடுத்தது: கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் பிடிக்கக் கூடாது.

காரணம் என்ன? வயதான சிறுத்தைக்குத் தன் எல்லை தெரியும். எந்தத் தெருவில் எப்போது ஆள் நடமாட்டம், எந்த வாய்க்காலில் மறைவு என்று பழகி, ஒதுங்கிப் போகக் கற்றிருக்கும். அதைத் தூக்கிவிட்டால் அந்த எல்லை காலியாகும். காலி மனைக்கு ஆள் வர எத்தனை நாள் ஆகும்? வருவது பெரும்பாலும் அனுபவமில்லாத இளசு. பிடித்துக்கொண்டு போனதோ, இரும்பில் முட்டிப் பல் உடைந்து, மிரண்டு, தெரியாத காட்டில் நின்று வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தேடும். அந்த வழி யாரோ ஒருவர் கொல்லை வழியாகத்தான் இருக்கும்.

ஆளைத் தாக்கிய சிறுத்தை வேறு கணக்கு. அதைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவு போட முடியும், போட வேண்டும் என்பதே என் கருத்தும். 2023 ஆகஸ்டில் திருமலை நடைபாதையில் ஒரு சிறுமி இறந்தபோது கூண்டு வைத்துப் பிடித்தார்கள். பக்தர்கள் கையில் கம்பு கொடுத்து, கூட்டமாகப் போகச் சொல்லி, குழந்தைகளைச் சாயங்காலத்தில் ஏறவிடாமல் நிறுத்தவும் செய்தார்கள். கம்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. தனியாகப் போகாதே என்பதை ஞாபகப்படுத்த அந்தக் கம்பு உதவியது என்று நினைக்கிறேன்.

நான் ஊர்க்கூட்டத்தில் சொல்வது இதுதான்: கூண்டு வேணும், ஆனால் அதை ஆட்டுக்குப் போடுங்க.

சரி, ஆட்டுக்குக் கூண்டு என்றால் எப்படிக் கட்டுவது?

முள்படல் போதாது. மதில் சுவர் ஆறடி இருந்தாலும் மேலே திறந்திருந்தால் சிறுத்தை ஏறிக் குதிக்கும். கூரைதான் உயிர். தகரம் போட முடியாவிட்டால் வலைக்கம்பியை மேலேயும் இழுத்துக் கட்டுங்கள். பக்கவாட்டு வலையின் கண் உங்கள் மூன்று விரல் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது; அதன் கை நுழைந்தால் ஆட்டை வெளியிலிருந்தே கிழித்துவிடும். வலையின் அடி ஒரு சாண் மண்ணுக்குள் போகட்டும்.

நான் பார்த்தவரை பலர் கோட்டை விடுவது கதவில். மூன்று பக்கம் செங்கல், நாலாவது பக்கம் சாய்த்து வைத்த ஓலைத்தட்டி. கேட்டால், "தட்டி சாத்தித்தானே இருந்துச்சு சார்" என்பார்கள். சாத்துவது வேறு, தாழ்ப்பாள் போடுவது வேறு.

கொட்டாயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மீட்டர் வேலிக்காத்தானை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். பதுங்க இடம் இல்லாவிட்டால் அது தயங்கும். விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், சில நாளில் பழகிவிடும். நாயை வெளியே சங்கிலியில் கட்டிவிட்டு உள்ளே தூங்குவது காவல் ஆகாது, அழைப்பிதழ். நாயும் உள்ளே இருக்கட்டும், குரைத்தால் போதும்.

இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆள் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் கால்நடைக்கும் தனித்தனியாக அரசு நிதி உண்டு. தொகையை அவ்வப்போது அரசாணையில் மாற்றுவார்கள், அதனால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செத்த ஆட்டை நகர்த்தாதீர்கள், கறிக்கு அறுக்காதீர்கள். வனச்சரகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே சொல்லுங்கள். காது, கழுத்து ஓட்டை, தடம், பட்டி எல்லாவற்றையும் தேதி விழும்படி போனில் படம் எடுங்கள். கால்நடை மருத்துவர் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நாலு ஆடு பறிகொடுத்தார். நாற்றம் வரும் என்று உடனே குழி தோண்டிப் புதைத்துவிட்டார். படமும் இல்லை. விண்ணப்பம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு எட்டு மாதம் நடந்தது, கடைசியில் வெறுங்கை. அந்த மனிதரிடம் போய்ச் சிறுத்தையைக் காப்பாற்றுவோம் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. இழப்பீடு நாற்பது நாளில் வந்தால் விஷம் வைக்கும் எண்ணம் பாதி குறையும். இது என் சொந்த அனுபவக் கணக்கு.

விஷம் என்றதும் ஒன்று: மிச்ச இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து வைப்பது சிறைக்கு அனுப்பும் குற்றம். சாவது பெரும்பாலும் காக்கையும் கீரியும் உங்கள் வீட்டு நாயும்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால்?

ஓடாதீர்கள், குனியாதீர்கள், உட்காராதீர்கள். கையைத் தூக்கி, துண்டை விரித்து, உடம்பைப் பெரிதாகக் காட்டி, சத்தமாகப் பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள். குழந்தை இருந்தால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முதலில் விலகிவிடும்.

குனிந்திருப்பவர்தான் அதன் கண்ணுக்கு இரை மாதிரித் தெரிவார். அந்தி நேரத்தில் காட்டோரமாக ஒதுங்கப் போவதும், தனியாக விறகு பொறுக்குவதும் அதனால்தான் ஆபத்து. மலையோர ஊருக்குக் கழிப்பறையும் தெருவிளக்கும் கட்டிக் கொடுப்பது வனவிலங்குப் பாதுகாப்பில் சேரும்.

கரும்புக் கொல்லையில் குட்டிகள் கிடைத்தன. எடுத்து வரலாமா?

தொடவே வேண்டாம். தாய் வேட்டைக்குப் போயிருக்கும். வெட்டு ஆட்களை நிறுத்தி, அந்தப் பாத்தியை விட்டுவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். குட்டியைக் கண்ட இடத்திலேயே பெட்டியில் வைத்து, ராத்திரி தாய் வந்து தூக்கிப்போக விடுவார்கள். செல்ஃபி எடுத்துக் கை மாற்றி மாற்றித் தூக்கினால், தாய் ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். அப்புறம் நடப்பதற்கு அதைக் குறை சொல்ல முடியாது.

நான் பன்றிக்குத்தான் கம்பி போட்டேன். சிறுத்தை மாட்டினால் நானா பொறுப்பு?

நீங்கள்தான். கிளட்ச் வயரில் போடும் சுருக்கு, பன்றியா சிறுத்தையா என்று பார்க்காது. இடுப்பில் இறுகி, இழுக்க இழுக்க வெட்டிக்கொண்டு உள்ளே போகும். மாட்டிய சிறுத்தையைக் காப்பாற்றப் போகிறவர்மேல் அது பாய்வதும் உண்டு. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சினால் முதலில் சாவது அடுத்த கொல்லைக்காரராக இருக்கலாம். அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதறிய மாட்டுக்கு நான் தையலுக்கு உதவி செய்திருக்கிறேன். மூன்று நாள் தண்ணீர் குடிக்க முடியாமல் நின்றே செத்தது. பன்றி பயிரை நாசம் செய்கிறது, மறுக்கவில்லை. அதற்கும் மனு போடுங்கள், கம்பி போடாதீர்கள்.

மலையில் தீ வைத்தால் புதுப் புல் வரும், ஆட்டுக்கு நல்லது என்கிறார்களே?

முதல் மழையில் புல் வரும். கூடவே மேல்மண் கீழே வரும். மாசி முதல் வைகாசி வரை இந்தக் காடு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். எரிந்தால் முயலும் கவுதாரியும் மான்குட்டியும் போகும். உண்ணிச்செடி மட்டும் முன்பைவிடச் செழிப்பாக வரும். அதை ஆடும் தின்னாது, மானும் தின்னாது.

தண்ணீரையும் பாருங்கள். செய்யாறு, அகரம் ஆறு, கமண்டல நாகநதி எல்லாம் ஜவ்வாது மலையில் பிறப்பவை. அமிர்திப் பக்கம் இறங்கும் நாகநதி வருஷக்கணக்கில் வறண்டு கிடந்தது. 2014-க்குப் பிறகு நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உறைகிணறும் தடுப்பும் கட்டி அதில் நீரைத் தேக்கினார்கள். கணியம்பாடிப் பக்கம் கிணற்றில் தண்ணீர் ஏறியது. மேலே மலை மொட்டையானால் கீழே கட்டிய கிணற்றில் மண்தான் சேரும்.

மலைமேல் இருக்கும் மக்களை இறக்கிவிட்டால் காடு பிழைக்குமே?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஜவ்வாது மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்துக்காரர்கள் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். சாமை, கேழ்வரகு, கொள்ளு, தேன், புளி, பலா என்று வாழ்கிறவர்கள். 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. காட்டில் எங்கே ஊற்று, எங்கே குகை, எந்தப் பாறையில் இந்த வருஷம் சிறுத்தை குட்டி போட்டது என்று தெரிந்தவர்கள் அவர்கள். தீ பிடித்தால் முதலில் ஓடி வந்து பச்சைக் கிளையால் அடிப்பவர்களும் அவர்களே. காட்டுக்குப் பெரிய இடைஞ்சல் கல்குவாரியும், அளவில்லாமல் முளைக்கும் விடுதியும், ரோட்டை அகலமாக்கும் ஆசையும்.

ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ சுற்றுலா போகிறோம். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அதிகம் இல்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி வேகம் வேண்டாம். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பிரியாணி மிச்சத்தை வளைவில் கொட்டாதீர்கள். பாட்டிலை உடைக்காதீர்கள்.

சிறுத்தை வீடியோ வந்தால் பகிரலாமா?

எந்த ஊர், என்றைக்கு என்று தெரியாமல் பகிர வேண்டாம். ராஜஸ்தான் வீடியோவுக்குப் "பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம்" என்று தலைப்பு போட்டு அனுப்பியதை நான் மூன்று முறை வாங்கியிருக்கிறேன். நிஜமாகப் பார்த்தால் வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லுங்கள். கூட்டம் கூட்டாதீர்கள். சூழ்ந்து நின்று கல் எறிந்தால், தப்பிக்க வழி தேடும் சிறுத்தை கூட்டத்துக்குள்தான் பாயும்.

சிறுத்தை இல்லாமல் போனால் நமக்கென்ன நஷ்டம்?

மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சுற்றி வாழும் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதாக 2018-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதனால் தவிர்க்கப்படும் நாய்க்கடி சுமார் ஆயிரம். நாய்க்கடிக்கு ஊசி போட ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்கு இது புரியும். காட்டுப்பன்றிக் குட்டியைத் தின்பதும் அதுதான். உங்கள் நிலக்கடலைக்கு அது கூலி வாங்காத காவல்காரன், எப்போதாவது ஓர் ஆட்டைச் சம்பளமாக எடுத்துக்கொள்கிறது. ஆடு உங்களுடையது என்பதால் இந்தக் கணக்கு கசக்கிறது. அது எனக்கும் தெரியும்.

பட்டிக்கு இரும்புக் கதவு போடக் காசில்லை. என்ன செய்வது?

ஒடுகத்தூர்ப் பக்கம் ஓர் அம்மா, எட்டு வெள்ளாடு வைத்திருக்கிறார். இரண்டு ஆட்டை இழந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். வெல்டிங் கடையில் கதவுக்குச் சொன்ன விலையைக் கேட்டு, "அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு ஆடு வாங்கலாமே நைனா" என்றார். அவர் சொன்னது சரிதான். வீட்டுப் பின்னால் பழைய இரும்புக் கட்டில் ஒன்று கயிறு அறுந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, சட்டத்துக்குள் வலைக்கம்பியை இழுத்துக் கட்டினோம். ஒரு பக்கம் இரண்டு காலையும் முளையடித்து வளையத்தில் மாட்டினால் கீல். மறு பக்கம் சைக்கிள் சங்கிலி, பூட்டு. கூரைக்கு மிச்ச வலையும் அதன்மேல் தென்னை ஓலையும். அரை நாள் வேலை, வலைக்கு மட்டும்தான் காசு.

கட்டிலின் நாலு காலும் கதவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மகன் அறுக்கப் போனார். அம்மா விடவில்லை, பால் தூக்கை மாட்ட இடமாயிற்று என்றார்.